அப்பாவின் பேண்ட் நனைந்த நாள்

கட்டிலின் மேல் கிடந்த கான்கிரீட் துண்டை ரேடியோ இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தான்.

"நல்ல கனம் மேடம். இந்த ரூம்ல படுத்தா அலாரம் வெச்சுக்கத் தேவையில்லை."

சொன்ன பிறகுதான் தலையணை ஓரமாகக் கிடந்த துணிப் பொம்மை கண்ணில் பட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அது அவன் அடிக்கடி செய்கிற காரியம் அல்ல. நாற்பதைத் தாண்டிய அந்த மனிதனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. நிறுத்தாமல் பேசுவதால் ரேடியோ; மேடத்துக்கு உதவியாள். முந்தின நாள் ஒரு கண்ணாடிக் கதவைத் திறந்த கதவென்று நம்பி நடந்ததில், மூக்கின் குறுக்கே பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

மேடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கதவின் அளவுக்குக் கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் வெளியே தெரிந்தன. எரிந்த கடை, இடிந்த சுவர், மூழ்கிய குடோன் என்று நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களில் யார் சொல்வது நிஜம், யார் அளப்பது கதை என்று கண்டுபிடிக்கிற வேலையைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பல வருடம் பார்த்தவர். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறார். கூலி குறைவு, பொய் அதே அளவு என்பார்.

"அன்னைக்கு ராத்திரி பாப்பா அப்பதான் தண்ணி வேணும்னு எழுந்து வந்தா" என்றாள் அந்த வீட்டுக்காரி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். "டம்ளரை அவ கையில குடுக்கிறேன், இங்க இடி விழுந்த மாதிரி சத்தம். இந்த வீட்டை எங்களுக்கு வித்த அந்த டெய்லரை விடக் கூடாது மேடம். தெரிஞ்சே மறைச்சு வித்திருக்கான். அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

"மறைச்சான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பழைய வீடு, வேலை இருக்குன்னு தெரிஞ்சுதான் வாங்கினோம். வாங்கறதுக்கு முன்னாடி ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும்னு எங்க அப்பா எஸ்டிமேட் போட்டார். வாழ்நாள் பூரா கட்டடத்துல சூப்பர்வைசரா நின்னவர். ஒயரிங், மோட்டார், பாத்ரூம் தரை, சமையலறைச் சாக்கடை, பெயிண்ட், எல்லாம் சேர்த்து மூணு லட்சம்னார். அதை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சம் இருந்ததையெல்லாம் துடைச்சுப் போட்டு வீட்டை வாங்கினோம். இப்ப வந்த காண்டிராக்டர், இந்த ரூம் கூரையையே இடிச்சுட்டுப் புதுசா போடணும், பதினொண்ணு ஆகும்கறான். எங்க அப்பா கணக்கு இவ்வளவு தப்பாகாது. அவர் பார்க்க வர்றதுக்கு முன்னாடி அந்த டெய்லர் கூரையில வெள்ளை அடிச்சு மூடியிருக்கான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் ஒரு சாயங்காலம் வந்தேன். இந்த ரூம்ல லைட் எரியல. அப்புறம் ஒரு நாள் பகல்ல அப்பாவும் இவரும் வந்து பார்த்தாங்க. எனக்கு அன்னைக்கு டியூட்டி."

'இவர்' என்றது கதவோரம் நின்ற அவள் கணவரை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கேட்டால் மட்டும் பேசுகிற ஆள் என்று தெரிந்தது. கேட்டாலும் பேசுவாரா என்பது மேடத்துக்கு இன்னும் தெரியவில்லை.

மேடம் கீழே கிடந்த பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். மேலே வெள்ளை. அதற்கு அடியிலேயே டீ டிகாஷன் கொட்டிய மாதிரி பழுப்புக் கறை.

"குடி வர்றதுக்கு முன்னாடி நீங்க பெயிண்ட் அடிச்சீங்களா?"

"அடிச்சோம்."

"எத்தனை கோட்?"

"ஒண்ணுதான். அதுக்கு மேல கட்டுப்படியாகல." சொல்லும்போது நர்ஸின் பார்வை ரேடியோவின் பக்கம் போனது. தொழில் பழக்கம். "மூக்கில என்ன சார் அடி?"

"வீட்டுல பொண்டாட்டியோட வாக்குவாதம். நான் ஜெயிச்சுட்டேன்" என்றான் ரேடியோ.

மேடம் துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "மாஸ்டர், அன்னைக்கு இந்த ரூம் எப்படி இருந்ததுன்னு ஒரு படம் வரைஞ்சு குடுங்களேன்."

டிராயிங் மாஸ்டர் நின்ற நிலையிலேயே ஒரு தாளைக் கதவின்மேல் வைத்து வரைந்தார். நான்கே கோடு, அறை வந்துவிட்டது. ஜன்னல், கதவு, மூலையில் அலமாரி. அறையின் நடுவில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். போட்ட கை அப்படியே நின்றது. பிறகு ரப்பரால் அதை அழித்தார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லைங்க. பென்சில் தவறிடுச்சு."

மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. நர்ஸின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு அப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?"

"நல்ல வீடு, தைரியமா வாங்கும்மான்னார். பேண்ட் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்தது. கேட்டதுக்கு, பின்பக்கக் குழாயில கால் கழுவினேன்னார்."

"மோட்டார் ரிப்பேர்னு சொன்னீங்களே."

"ஆமா, எரிஞ்சு கிடந்தது. நாங்கதான் புதுசு மாத்தினோம். அதுக்கு முன்னாடி குழாயில ஒரு சொட்டுத் தண்ணி..." நர்ஸ் பாதியில் நிறுத்தினாள்.

டிராயிங் மாஸ்டர் ரப்பர் தூளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

*

டெய்லர் கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டுமே ஓடவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் தனியாக உட்கார்ந்து, ஏற்கெனவே இஸ்திரி போட்ட துணிக்கு மறுபடியும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மூக்குக்கு என்ன ஆச்சு?" என்றார் ரேடியோவிடம்.

"அடுத்தவங்க விஷயத்துல நுழைச்சேன்."

டெய்லர் சிரிக்கவில்லை. மேடம் வந்த விஷயத்தைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அந்தம்மா இங்க வந்து நின்னு, என் குழந்தையைக் கொல்லப் பார்த்தவன்னு கத்திட்டுப் போனாங்க. நாலு பேர் அளவு குடுக்க நின்னுட்டிருந்தாங்க. மறுநாளே வந்து துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் தைக்கிறது பூரா பள்ளிக்கூடப் பிள்ளைங்க உடுப்பு மேடம். பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் தைச்ச சட்டையை எந்தத் தாய் பிள்ளைக்குப் போடுவா?"

"ஒழுகுறதை நீங்க சொல்லலையா?"

"சொன்னேன்." அவர் கண் துணியைவிட்டு எழவில்லை. "சொன்னேங்க. மறைக்கிறவன் எவனாவது ஒழுகுற இடத்துக்குக் கீழ வாளி வைப்பானா? ரூம் நடுவுல வாளி இருந்துச்சு. முந்தின ராத்திரி மழைத் தண்ணி பாதிக்கு மேல நின்னுச்சு. அந்தப் பெரியவர் நேரா நடந்து வந்து அதுல இடறினார். பேண்ட் பூரா தண்ணி. வழியிலயா வாளியை வைப்பாங்கன்னு சத்தம் போட்டார்."

"மேல பார்த்தாரா?"

"நல்லாத் தலையைத் தூக்கிப் பார்த்தார். சரின்னு தலையாட்டிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டார். விஷயம் தெரிஞ்ச மனுஷன், அவருக்கு இதெல்லாம் சாதாரணம் போலன்னு நினைச்சேன்."

"மாப்பிள்ளை என்ன பண்ணார்?"

"வாளியை நிமிர்த்தி வெச்சார். ஒண்ணும் பேசல."

தெருவில் இறங்கியதும் ரேடியோ ஆரம்பித்தான். "கேஸ் முடிஞ்சுது மேடம். மாப்பிள்ளைக்கும் டெய்லருக்கும் உள்கை. விக்கிற காசுல ஒரு பங்கு. அதனாலதான் வட்டத்தைப் போட்டார், அழிச்சார். பென்சில் பிடிச்சுச் சோறு சாப்பிடுறவருக்குக் கை தவறுமா?"

"தவறாது. அது வாளிதான். கூரையில ஒரே ஒரு கோட் பெயிண்ட், அதுவும் இவங்க அடிச்சது. அதுக்குக் கீழ நேரா கறை. யாரும் எதையும் மூடல. மாஸ்டர் அதைப் பார்த்திருக்கார்."

"பின்ன என்ன? பிடிச்சு உலுக்கிடலாம்."

"பங்கு வாங்கினவன், இடிஞ்சு விழற கூரைக்குக் கீழ சொந்தப் பிள்ளையைப் படுக்க வைப்பானா ரேடியோ?"

ரேடியோ பிளாஸ்திரியைத் தடவினான். மேடமே மீண்டும் பேசினார். "அதைவிட எனக்கு உறுத்துறது வேற. மாப்பிள்ளை டிராயிங் மாஸ்டர். அவருக்குக் கூரை தெரியாம இருக்கலாம். மாமனாருக்குத் தெரியுமே. படுக்கிற ரூம் நடுவுல தண்ணி நிறைஞ்ச வாளி. அதுல இடறி விழப்போன சூப்பர்வைசர், இது ஏன் இங்க இருக்குன்னு கேட்கலைன்னா, அது என்ன எஸ்டிமேட்?"

*

பெரியவர் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, நிமிர்ந்த முதுகு. வாசலில் நின்றவர்களின் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து உள்ளே அழைத்தார். அறை அப்படி ஒரு ஒழுங்கு. நாற்காலிகள் கோடு போட்ட மாதிரி நின்றன. சுவரில் தினசரி நாட்காட்டி மட்டும் இரண்டு மாதம் பின்தங்கி இருந்தது.

தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். டீ விரலில் பட்டதும் நிறுத்தினார்.

"எஸ்டிமேட்னா பயப்படற விஷயம் இல்லம்மா" என்று அவர் விளக்க ஆரம்பித்தார். பேசப் பேசக் குரலில் தெம்பு ஏறியது. "தரை எவ்வளவு சதுர அடியோ, அதைப் போல மூணரை மடங்கு பெயிண்ட் அடிக்கிற சுவர்னு வெச்சுக்கலாம். ஒயரிங்குக்கு எத்தனை லைட், எத்தனை ஸ்விட்ச்னு எண்ணினா போதும். தரை டைல்ஸைத் தட்டிப் பார்க்கணும். டொக்குன்னா ஒட்டியிருக்கு, டப்புன்னா பெயர்ந்திருக்கு. தண்ணிக் குழாயை மட்டும் நம்பக் கூடாது, அது பாதி சுவருக்குள்ள இருக்கும்."

"கூரை?"

"மொட்டை மாடிக்கு ஏறல. முழங்கால் வலி. உள்ளே இருந்து பார்த்தேன், சுத்தமா இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

மேடம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அவருக்குள் ஏதோ ஒன்று இடறியது. ரேடியோவின் மூக்கைப் பற்றி நர்ஸ் கேட்டாள், டெய்லர் கேட்டார். வரும் வழியில் பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்டார். எலும்பு உடையவில்லையே என்று விசாரித்தார். முகத்துக்கு நேராக உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசிய இந்த மனிதர் மட்டும் கேட்கவில்லை.

"சார், இவரைப் பார்க்கிறவங்க எல்லாரும் முதல்ல ஒரு கேள்வி கேட்பாங்க. நீங்க கேட்கலையே."

பெரியவர் ரேடியோ இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். புன்னகை அப்படியே இருந்தது. கொஞ்சம் யோசித்தார்.

"எதுக்குங்க கேட்கணும்? சில பேர் உயரமாத்தான் பிறக்கிறாங்க. குனிஞ்சு குனிஞ்சு போக வேண்டியதுதான்."

ரேடியோ குள்ளம். மேடத்தின் தோளுக்குத்தான் வருவான். குரல் மட்டும் அடித்தொண்டையில் ஒலிக்கிற பெரிய குரல்.

வேறு நேரமாக இருந்தால் அவன் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பான். இப்போது மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரேடியோ, கொஞ்சம் வெளியில இரு" என்றார் மேடம்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பெரியவரின் முகத்தில் இருந்த புன்னகை போய்விட்டது. மேடத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்த மனிதரை ஒரு தந்திரக் கேள்வியில் மடக்கியிருக்க வேண்டாம்.

"தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார் பெரியவர்.

"அவர் மூக்கில பெரிய பிளாஸ்திரி இருக்கு சார். எப்பலேருந்து இப்படி?"

பெரியவர் டம்ளரைத் தடவிக் கீழே வைத்தார். "ஓரத்தில இருந்து ஆரம்பிச்சுது. சுவர் ஓரம், படி ஓரம். கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வந்துடுச்சு. வெளிச்சம் தெரியும். ஆள் நிக்கிறது தெரியும். டாக்டர், கண் நரம்பு காய்ஞ்சுட்டு வருதுன்னார். அதுக்கப்புறம் அவர்கிட்டயும் போகல."

"பொண்ணு நர்ஸாச்சே."

"அதனாலதான். தெரிஞ்சா விடமாட்டா." நாற்காலிக் கையைத் தடவினார். "கூரை விழுந்த அந்தப் பின்னறை எனக்குத்தாம்மா, நான் வர்ற வரைக்கும்தான் பாப்பா அதுல படுத்தா. நீங்களும் எங்களோட வந்துடுங்கப்பான்னு கூப்பிட்டா. அதுக்காகத்தான் பெரிய வீடாத் தேடினா. என் அப்பா வந்து பார்த்துச் சொல்லட்டும், அப்புறம்தான் முன்பணம்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தா. அவகிட்டப் போய் எனக்குக் கண்ணு தெரியலைன்னு எந்த வாயால சொல்றது? சொல்லியிருந்தா, அப்பான்னு கூட்டிட்டுப் போறது போய், பாரம்னு கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிடும்னு நினைச்சேன்."

"வாளியில இடறினப்ப?"

"தண்ணின்னு தெரிஞ்சுது. எதுக்கு அங்க வாளின்னு ஒரு நிமிஷம் மனசு அடிச்சுக்கிச்சு. தலையைத் தூக்கினேன். மேல வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும். மாப்பிள்ளை பக்கத்தில இருந்தார். ஏதாவது இருந்தா சொல்வார்னு நின்னு பார்த்தேன். அவர் வாயே திறக்கல. அதனால ஒண்ணுமில்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

"என்ன மாப்பிள்ளை, கூரை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார் மேடம்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவர் ஒரு தடவை சொல்ல வந்தப்ப நான் சொல்லவிடல. அதுக்கப்புறம் எந்த முகத்தோட கேட்கிறது?"

மேடம் எழுந்தார். "நான் உங்க பொண்ணுகிட்ட எதுவும் சொல்லப் போறதில்லை. நீங்களே சொல்லணும்."

"அந்த ரூம்லயே நின்னு சொல்றேன்" என்றார் அவர். "என்னைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு அந்தத் தெருவில படி எங்க இருக்குன்னு தெரியாது."

*

அந்தப் பின்னறையில் நின்று அப்பா சொன்னதை நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்த விதத்தைப் பார்க்க முடியாமல் ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

அவள் அழவில்லை. அப்பாவின் அருகே போய், பழக்கம் போலத் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கைப்பையில் இருந்த டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கண்ணாக அடித்துப் பார்த்தாள். அவர் குழந்தை மாதிரிக் காட்டிக்கொண்டு நின்றார்.

"வார்டுல தினமும் முப்பது பேர் கண்ணில டார்ச் அடிக்கிறேன்" என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழமை தவறாம உங்களைப் பார்க்க வர்றேன். நீங்க டீ ஊத்தித் தருவீங்க. நான் போனைப் பார்த்துக்கிட்டே குடிச்சுட்டுப் போயிடுவேன்."

"நான்தாம்மா மறைச்சேன்."

"நீங்க மறைச்சீங்க. நான் பார்க்கவே இல்லையே அப்பா."

அப்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "அவருக்குத்தான் கண்ணு தெரியல. நீங்க கூடவே நின்னீங்களே."

மேடம் கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து நீட்டினார். அழித்த வட்டத்தின் தடம் தாளில் லேசாகப் பதிந்திருந்தது. டிராயிங் மாஸ்டர் அதை வாங்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாளிதான்" என்றார். "நிமிர்த்தி வைக்கும்போது மேல பார்த்தேன். விரிச்ச குடை அளவுக்குக் கறை. நடுவுல பூச்சு உப்பியிருந்தது."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு வீடு பார்க்கப் போனோமே. ஞாபகம் இருக்கா? நான் சுவரைக் காட்டி, மாமா இங்க விரிசல் விட்டிருக்குன்னேன். மாமா விரலால தடவிட்டு, 'மாப்பிள்ளை, இது விரிசல் இல்ல, ஒட்டடை'ன்னார். எல்லாரும் சிரிச்சீங்க. நீயும் சிரிச்சே. அதுக்கப்புறம் சொந்தக்காரங்க யார் வீட்டுக்குப் போனாலும் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துவாங்க. ஒட்டடை மாப்பிள்ளை." தரையில் விரலால் ஒரு வட்டம் போட்டார். "மாமா வாளியில இடறினார், மேல பார்த்தார், சரின்னு தலையாட்டினார். அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப் போகுதுன்னு விட்டுட்டேன். பொய் சொல்லல. மனசுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஆழமாப் போய்ப் பார்த்தா, அவர் கணக்கு ஒரு தடவையாவது தப்பாகட்டுமேன்னுகூட இருந்துச்சு."

"பாப்பாவை இந்தக் கட்டில்ல படுக்க வெச்சது நீங்கதான்."

"பெயிண்ட் அடிச்சதும் கறை தெரியல. தெரியலைன்னதும் மறந்துட்டேன். மறந்தா நல்லதுன்னு மறந்துட்டேன்."

பெரியவர் குரல் வந்த திசையில் இரண்டு அடி வைத்தார். கட்டிலின் கால் தட்டியது. அங்கேயே நின்று, தரையில் உட்கார்ந்திருந்தவரின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

"அது விரிசல்தான் மாப்பிள்ளை. அன்னைக்கு நான் தடவினப்பவே தெரிஞ்சுது. மேல ஒட்டடை இருந்துச்சு, அடியில விரிசல் இருந்துச்சு. நீங்க எனக்கு முன்னாடி பார்த்துட்டீங்கன்னு பொறுக்கல."

டிராயிங் மாஸ்டர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, வேறு யாரிடமோ சொல்வது போல, "நான் அந்த மனுஷன் கடையில போய் என்னெல்லாம் பேசினேன்" என்றாள்.

*

மறுநாள் சாயங்காலம் மேடத்தோடு சேர்த்து நான்கு பேரும் டெய்லர் கடைக்குப் போனார்கள். ரேடியோவையும் சேர்த்தால் ஐந்து. அவன் கொஞ்சம் தள்ளியே வந்தான். பள்ளிக்கூடம் விட்டிருந்த நேரம்; பிள்ளைகளோடு தாய்மார்கள் தெரு முழுக்க இருந்தார்கள். நர்ஸ் வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

டெய்லர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பது தெரிந்தது. அதுவே அவளைக் குத்தியது.

"உள்ளே வாங்க. உட்கார்ந்து பேசிக்கலாம்" என்றார்.

"இல்லண்ணே. அன்னைக்கு வெளியில நின்னுதானே பேசினேன்." அவள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். காது சிவந்திருந்தது. "இவர் எதையும் மறைச்சு விக்கல. கூரை ஒழுகினது எங்க வீட்டு ஆளுங்க கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு. நாங்கதான் பார்க்கல, பார்த்தும் சொல்லல. இவரை நான் சொன்னது அத்தனையும் பொய். உங்க பிள்ளைங்க துணியை இவர்கிட்டயே குடுங்க."

இரண்டு தாய்மார்கள் நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். பெரியவர் முன்னால் வந்து கைகளைக் கூப்பினார். கூப்பிய கை டெய்லரைப் பார்த்து இல்லாமல் காலி மெஷினைப் பார்த்து இருந்தது. மாப்பிள்ளை அவர் தோளைத் தொட்டு மெதுவாகத் திருப்பிவிட்டார்.

டெய்லரின் வாய் கோணிக்கொண்டு வந்தது. "போதும்மா. போதும். இதுக்கு மேல நிக்க முடியல என்னால." அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றினார். "நான் சொல்லலம்மா."

"என்னது?"

"மேடம்கிட்ட, ஒழுகுதுன்னு சொன்னேன்னு சொன்னேன்ல. சொல்லல. வாளியை எடுத்து ஒளிச்சு வைக்கல, அவ்வளவுதான் நான் செஞ்ச நேர்மை. பார்த்துக் கேட்டா சொல்லுவோம்னு இருந்தேன். பெரியவர் இடறினப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா விலை இறங்கிடும். கடைக்கு வாடகை பாக்கி. அப்பாடா, கேட்கலைன்னு விட்டுட்டேன். கூரை விழுந்துச்சுன்னு கேள்விப்பட்டதிலேருந்து, தெருவில யாராவது குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடுறேன். நீங்க என்னை அன்னைக்குத் திட்டினதில பாதி எனக்கு உரியதுதான்."

மேடம் பூச்சுத் துண்டைச் சுரண்டிக் கறையைக் கண்டுபிடித்தார். பேண்ட் ஈரத்தைக் கண்டுபிடித்தார். இந்த ஆள் இஸ்திரித் துணியைப் பார்த்துக்கொண்டு 'சொன்னேன்' என்றதை மட்டும் அப்படியே நம்பிவிட்டார். பாவப்பட்டவர் பொய் சொல்லமாட்டார் என்று எந்த வேலையில் கற்றோம் என்று நினைத்தபோது அவருக்கும் முகம் சுட்டது. ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். அவன் மூக்குப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு, "நல்லவேளை மேடம், நான் எதுவும் சொல்லல" என்றான் மெதுவாக. பிறகு அந்த வாக்கியத்தின் லட்சணம் புரிந்து, அதையும் நிறுத்திக்கொண்டான்.

கூரைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாக டெய்லர் சொன்னார். தவணையாகத்தான் முடியும் என்றார். நர்ஸ் பேருக்குக்கூட மறுக்கவில்லை, சரி என்றாள். அப்படிச் சரி என்றது அவருக்கு மன்னிப்பைவிட ஆறுதலாக இருந்த மாதிரி தெரிந்தது.

அந்த வாரமே அவள் அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தபோது அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள்.

பின்னறையைப் பூட்டினார்கள். பெரியவர் கூடத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் காலை, எஸ்டிமேட்டைப் புதிதாகப் போட வேண்டும் என்று அவரே சொன்னார். தன் கூலிக் கணக்கை முடிக்க வந்திருந்த மேடம் நின்று பார்த்தார்.

முற்றத்தில் ஒரு நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மொட்டை மாடியில் நின்றார். முதலில் அவர் குரலே எழவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

"தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கு. அதைச் சுத்திப் பாசி. அங்கேருந்து தெற்கால ஒரு கோடு போகுது."

"எவ்வளவு அகலம்? விரல் நுனி போகுதா?"

"நகம் போகுது."

"அந்தக் கோடு கைப்பிடிச் சுவர்ல ஏறுதா?"

மேலே முழங்கால் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. மண்டியிட்டுப் பார்க்கிறார் போலிருந்தது. "ஏறுது மாமா."

பெரியவர் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். கூரையை இடிக்க, முட்டுக் கொடுக்க, கம்பி, ஜல்லி, சிமெண்ட், ஆள் கூலி, இடிச்ச குப்பையை அள்ளிப்போக வண்டி. கைப்பிடிச் சுவரையும் சேர்த்தார். மகள் பக்கத்தில் நின்றாள். அவர் கடைசியில் சொன்ன தொகை, காண்டிராக்டர் சொன்னதைவிட ஒரு லட்சம் அதிகமாக இருந்தது. யாரும் அதைக் குறைத்துப் பேசவில்லை.

"இதுக்கு மேல கால் பங்கு சேர்த்து வெச்சுக்கோம்மா" என்றார்.

"அது எதுக்குப்பா?"

"இடிச்சாத்தான் தெரியுறது கொஞ்சம் இருக்கும். அதுக்கு."